கறையே இல்லாத டம்ளர்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் குடுவை கழுவிய மனுஷன் அவர். பட்டப்பெயர் 'காரணம்'. ஏதாவது உடைந்தால், கொட்டினால், ஊரே 'ஐயோ' என்னும். இவர் மட்டும் காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பால் பொங்கி அடுப்பு அணைந்தால், மேலே படிந்த ஆடை ஆவியை வெளியே விடவில்லை என்பார். சூடான கண்ணாடித் தட்டைக் குழாயடியில் காட்டி அது விரிசல் விட்டால், வெளிப்பக்கம் சட்டென்று சுருங்கிவிட்டது, உள்பக்கம் இன்னும் சுருங்கவில்லை என்பார்.

"சொல்லி முடிச்சாச்சா? காலைக் கொஞ்சம் தூக்குங்க, துடைக்கணும்" என்பாள் மனைவி. அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

வீட்டுப் பாத்திரத்தையும் ஆய்வகத்துக் குடுவை மாதிரியே கழுவுவார். கண்ணாடி டம்ளரை மூன்று முறை அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு புள்ளி இருக்கக் கூடாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்படிக் கழுவிய புது டம்ளரில் தண்ணீர் ஊற்றி மைக்ரோவேவில் வைத்தார். சின்னக் கீறலோ தூசியோ இருந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு குமிழி கிளம்பும். இதில் ஒன்றுமே இல்லை. கொதிக்க வேண்டிய சூட்டைத் தாண்டியும் தண்ணீர் சாதுவாகக் கிடந்தது. "இன்னும் கொதிக்கலையே" என்று மேலும் இரண்டு நிமிடம் வைத்தார். மனைவி அதை வெளியே எடுத்து, குனிந்து, ஒரு ஸ்பூன் காப்பித்தூளைப் போட்டாள். தூள் பட்டதும் தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து அவள் முகத்தில் அடித்தது.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி டாக்டர். இவர் அனுமதிச் சீட்டின் பின்பக்கம் குமிழி வரைந்தே விளக்கினார். நர்ஸ்கூட நின்று கேட்டாள். பாவி மனுஷன், அவ்வளவு தெளிவாகச் சொன்னார். முகம் முழுக்கக் கட்டோடு பக்கத்துக் கட்டிலில் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வலது கண் பார்வை போனது போனதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் தனியாகக் கிடந்து பார்த்தார். முடியவில்லை. போய்க் கதவைத் தட்டினார்.

"வீட்டுக்கு வந்துடும்மா."

கதவைத் திறந்த அவள் வாசலிலேயே நின்றாள்.

"எப்படி நடந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்க, எங்க அண்ணன்கிட்ட சொன்னீங்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. என் மூஞ்சியப் பார்த்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு? அத ஒரு தடவை சொல்லுங்க. இப்பவே செருப்ப மாட்டிட்டு வந்துடறேன்."

அவள் காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார்.

"அந்த டம்ளர்ல ஒரே ஒரு கீறல் இருந்திருந்தா..."

அவள் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

திரும்பும் பஸ்ஸில் நாலு நிறுத்தம் தாண்டிய பிறகு, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உயிரே போயிடுச்சும்மா" என்றார்.

"என்ன சார்?" என்று திரும்பினார் பக்கத்து சீட்டுக்காரர்.