மான் பார்க்க ஓர் உத்தரவு

என் மகனுக்கு முப்பத்து மூன்று வயது. அவன் சொல்லக்கூடிய சொற்களை நானும் என் மனைவியும் ஒருமுறை எண்ணிப் பார்த்தோம், அறுபதைத் தாண்டவில்லை. மருத்துவர்கள் தந்த தாள்களில் அவன் நிலைக்கு நீண்டதொரு பெயர் இருக்கிறது. வீட்டில் நாங்கள் அதை உச்சரிப்பதில்லை. அந்த அறுபது சொற்களில் ஒன்று 'மான்'.

அது என்னிடமிருந்து அவனுக்குப் போன சொல். மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றிப் பதிகம் ஓதுவது என் ஐம்பதாண்டு வழக்கம். இறைவன் கையில் மான் ஏந்தியவன் என்று பாட்டில் வரும் இடங்கள் அநேகம். அந்தச் சொல் என் வாயில் வந்ததும், அருகில் மணியோடு உட்கார்ந்திருக்கும் அவன் இடக்கையை உயர்த்தி விரல்களைக் குவித்துக் காட்டுவான். பாட்டின் வேறெந்தச் சொல்லுக்கும் அவன் அசைந்ததில்லை. சென்ற கார்த்திகையில் ஒரு நாள், நான் ஓதி முடித்துத் திருநீறு இடும்போது, "மான் எங்க?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. யானையை உரித்ததும் புலித்தோலை உடுத்ததும் பாம்பை அணிந்ததும் எனக்கு மனப்பாடம். காட்டில் நின்று ஒரு மானையேனும் நான் பார்த்ததில்லை. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு மணி நேரம் பயணம் செய்தால் காடு. எழுபத்திரண்டு வயதுவரை அந்த இரண்டு மணி நேரத்தை நான் செலவிட்டதே இல்லை.

சரவணம்பட்டியில் கணினி வேலை பார்க்கும் என் மகளிடம் இதைச் சொன்னேன். அவனைவிட ஐந்து வயது இளையவள்.

"அதுக்கென்னங்ப்பா, அண்ணனைக் கூட்டிட்டுப் போயிரலாம். மூணு நாள் லீவு போட்டர்றேன். ஆனைமலைப் பக்கம், இல்லாட்டி முதுமலை. நீங்க எதுன்னு சொல்லுங்க, நான் புக் பண்ணிர்றேன்."

"அவசரப்படாத கண்ணு. யோசிக்கோணும்."

"நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள மானெல்லாம் கிழண்டு போயிருமுங்ப்பா."

அன்றிரவே அவள் ஓர் அட்டவணையை என் கைப்பேசிக்கு அனுப்பினாள். மருந்து எத்தனை மணிக்கு, அவன் சாப்பிடும் பழைய எவர்சில்வர் தட்டு, சத்தம் கேளாமல் காதை மூடும் கருவி, மாற்றுத் துணி, படுக்கைக்கு அடியில் விரிக்கும் ரப்பர் விரிப்பு என்று இருபத்தேழு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கட்டம். படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. ஒரு கட்டத்தை நிரப்பினால் அதற்குள்ளிருந்து இரண்டு கேள்விகள் கிளம்பின. காட்டுக்குள் கூட்டிப்போகும் வண்டி காலை ஆறரை மணிக்குப் புறப்படும் என்றால் ஏழு மணி மாத்திரையை எங்கே கொடுப்பது? முன்னதாகக் கொடுத்தால் அவன் தூங்கிவிடுவான். தூங்கினால் மானை யார் பார்ப்பது?

ஆனைமலைக் காட்டை ஒட்டிய ஒரு விடுதிக்கு நானே பேசினேன். எதிர்முனையில் இருந்தவர் மிக மரியாதையானவர்.

"குழந்தைங்க இருக்காங்களாங்க?"

"ஒரு பையனுங்க."

"வயசுங்க?"

"முப்பத்து மூணுங்க."

"ஐயா, நான் குழந்தைங்களைக் கேட்டனுங்க."

"நானும் அதைத்தானுங்க சொன்னேன்."

பிறகு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, தாராளமாக வரலாம் என்றார். ஒன்றை மட்டும் சொன்னார். "வண்டிக்குள்ள சத்தம் மட்டும் கூடாதுங்க. சத்தம் கேட்டா ஒண்ணும் நிக்காதுங்க, ஓடிப்போயிரும்."

அங்கேதான் நான் முழுவதும் குழம்பிப் போனேன். என் மகனுக்குத் துயரம் வந்தால் ஓசையே இராது. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். மகிழ்ச்சி வந்தால்தான் அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் எழும். பக்கத்து வீட்டார் முதல் தடவை கேட்டபோது ஓடி வந்துவிட்டார்கள். மானைக் கண்டால் மகிழ்வான், மகிழ்ந்தால் முழங்குவான், முழங்கினால் மான் ஓடிவிடும். வண்டியில் உடன் வரும் அந்நியர் அனைவரும் திரும்பி அவனைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் யானையைவிட அந்தப் பார்வைக்குத்தான் நான் அஞ்சினேன். வண்டி எங்கே நின்றாலும் உடனே கதவைத் திறந்து இறங்குவது அவன் வழக்கம் என்பதையும் நினைத்துக்கொண்டேன். அஞ்சுவதற்கு அது கௌரவமான காரணமாகத் தோன்றியது.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் என் மனைவி அவனிடம் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, பையன் மூஞ்சியப் பாக்க முடியல, சொல்லிப்போட்டேன்" என்றாள்.

அவனிடம் ஒன்றைச் சொன்னால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது. மறுநாள் காலையிலிருந்து குளித்தவுடன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் நிற்கத் தொடங்கினான். "மான்?" என்பான். "இன்னைக்கு இல்லை சாமி" என்பேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவான். இப்படிப் பதினொரு நாட்கள்.

எங்கள் குடும்பத்தில் இத்தகைய திகைப்பு வந்தால் குலதெய்வத்திடம் பூக்கேட்பது முறை. கருமத்தம்பட்டிக்கு அப்பால் எங்கள் அம்மன் கோயில். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒன்றிலும் வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, எது எதுவென்று கட்டியவருக்கே தெரியாதபடி குலுக்கி, அம்மன் பாதத்தில் வைத்துக் கும்பிட்டு, சூதுவாது அறியாத ஒருவரை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்த எண்ணத்தை அத்தோடு விட்டுவிடுவோம். இருபது ஆண்டுகளாக எங்களுக்காக எடுத்துக் கொடுப்பவன் என் மகன்தான். சூதுவாது அறியாதவரை நாங்கள் வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் பொட்டலங்களை ஒவ்வொன்றாக முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு ஒன்றை நீட்டுவான். அந்தப் பக்தியைக் கண்டு பூசாரி நெகிழ்ந்துபோவார்.

மாடி கட்டலாமா, மகளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பேசலாமா, எனக்குக் கண் அறுவை செய்துகொள்ளலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். ஒருமுறைகூடச் சிவப்பு வந்ததில்லை. அதை அம்மனின் தனிக்கருணை என்று உறவினரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காரியம் கேட்டோம். என் மனைவிக்கு முதுகெலும்பில் நோவு வந்து அவனைக் குளிப்பாட்ட முடியாமல் போன காலம். வெளியூரில் அவனைப் போன்றோரைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் அவனை விடலாமா என்பது கேள்வி. வெள்ளைதான் வந்தது; அவன் கையாலேயே எடுத்துக் கொடுத்தான். கொண்டுபோய் விட்டோம். அங்கிருந்தோர் நல்லவர்கள். ஆனால் அவன் உண்ணவில்லை, சுவரை விட்டுத் திரும்பவுமில்லை. பத்தாம் நாள் அழைத்து வந்துவிட்டோம். அம்மன் கொடுத்த உத்தரவை மீறியவன் என்ற உறுத்தலோடுதான் அன்றிலிருந்து என் மாலைப் பதிகம் நடக்கிறது.

இந்த மார்கழியில், மானைப் பார்க்க அவனை அழைத்துப் போகலாமா என்று கேட்கப் போனோம். நான், மனைவி, மகன் மூவர்தான். பனிக்காலமாதலால் மல்லிகை வரத்தில்லை. வீட்டுச் செடியிலிருந்து நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் பறித்து என் மனைவியே கட்டினாள். வெள்ளையென்றால் எதுவாயிருந்தாலும் வெள்ளைதானே என்று நானும் இருந்துவிட்டேன். சிவப்பு வரட்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டேன் என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை. சிவப்பு வந்தால் வேண்டாமென்று சொன்னவள் அம்மன் ஆவாள், நான் அல்ல.

பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, "எடுத்துக் குடு சாமி" என்றார்.

அவன் முதல் பொட்டலத்தை எடுத்து முகத்தருகே கொண்டுபோனான். வைத்தான். இரண்டாவதை எடுத்தான். அதையும் வைத்தான். மறுபடி முதலாவதை எடுத்து, இந்தத் தடவை மூக்கோடு வைத்து அழுத்தினான். பிறகு இரண்டையும் அம்மன் பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்து, தன் தாயின் பின்னால் போய் அவள் கொண்டையை முகர்ந்தான். அங்கும் பூவில்லை.

"மல்லி இல்ல" என்றான்.

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட சாமி! இத்தனை வருசமா நீ வாசம் புடிச்சா எடுத்துட்டு இருந்த? நாங்க என்னமோ கண்ணுல ஒத்திக்கறேன்னு நெனச்சுட்டு இருந்தமே!"

பூசாரியும் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். பாதிச் சிரிப்பில் என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் மல்லிகைதான் வாங்கிக்கொண்டு வந்திருந்தோம். அவன் தனக்குப் பிடித்த பூவை எடுத்து எங்களிடம் ஆசையாக நீட்டினான். நாங்கள் அதை வாங்கிக்கொண்டு அவனை வெளியூர் கொண்டுபோய் விட்டோம்.

அங்கேயே தூணோரம் உட்கார்ந்தேன். மாடி, கல்யாணம், கண் என்று இருபது ஆண்டு உத்தரவுகளும் மல்லிகை வாசத்துக்கு வந்தவையா? அல்லது அந்த வாசத்தின் மேல் அவனுக்கு ஆசையை வைத்தவளும் அம்மன்தானா? அவள்தான் என்றால் அந்தப் பத்து நாட்களையும் அவள்தானே கொடுத்தாள்? நான் மீறியது அவள் உத்தரவையா, எங்கள் அறியாமையையா? எந்தப் பக்கம் திரும்பினாலும் என் ஐம்பதாண்டு ஓதலில் அதற்கு விடை கிடைக்கவில்லை. இன்றும் கிடைத்தபாடில்லை.

"ஐயா, வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லட்டுங்களா?" என்று பூசாரி கேட்டார். பிரகாரத்தில் ஒரு சிறுமி தன் தாயோடு வலம் வந்துகொண்டிருந்தாள்.

எளிய வழிதான். 'சரி' என்று சொல்ல வாயெடுத்தேன். மகன் வெளியே படிக்கட்டில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"வேண்டாமுங்க. கட்டுப் பிரிக்காம அப்படியே அம்மன் காலடியிலயே இருக்கட்டும்" என்றேன்.

"அப்ப உத்தரவு?"

"தெரியலீங்க."

அவர் என்னை வியப்போடு பார்த்துத் திருநீறு கொடுத்தார். அந்தக் கோயிலில் பதில் வாங்காமல் எழுந்துபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

திரும்பி வரும்போது வாடகைக் காரில் முன் இருக்கையில் இருந்தேன். அவிநாசிச் சாலை நெடுக யோசித்தேன். வண்டியில் அவன் முழங்கினால் என்ன செய்வது என்பதற்கு அப்போதும் என்னிடம் பதிலில்லை. மாத்திரை நேரத்துக்கும் இல்லை. பின்னால் என் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சூலூர்ப் பிரிவு தாண்டியபோது மகளிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்னங்ப்பா, பூக் குடுத்துச்சா?"

"குடுக்கலை கண்ணு."

"ஐயோ. சிவப்பா?"

"சிவப்பும் இல்ல. வெள்ளையும் இல்ல. வந்து சொல்றேன்."

"அப்ப என்ன பண்றதுங்ப்பா? ரூமு இன்னைக்கு மட்டுந்தான் புடிச்சு வெக்கறேன்னாங்க. வேண்டாம்னு சொல்லிரட்டுங்களா?"

அம்மன் சொன்னாள் என்று சொல்ல வழியில்லை. மகள் காத்துக்கொண்டிருந்தாள். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"ரூமு போட்டுரு கண்ணு."

"யாரு சொன்னா? அம்மனா?"

"நான்தான் சொல்றேன்."

"வண்டி மத்தவங்களோட சேந்தா, நமக்குத் தனியாங்ப்பா? அண்ணன் சத்தம் போட்டா?" என்றாள்.

"தெரியலம்மா" என்றேன். "போடட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."