நண்டு வானின் நான்கு போர்ட்டுகள்

மரியரட்ணம் அண்ணையைப் பற்றி யாராவது "மனிசன் பாவம்" என்றால் எனக்குக் கோபம் வரும். பாவம் என்று சொல்லும் அதே வாயால்தான் ஆளாளுக்கு அவரிடம் இன்னும் ஒன்றைக் கேட்பார்கள். கடலுக்குப் போக ஆமி பாஸ் கேட்ட காலத்தில் பாஸ் எடுத்தார். படம் கேட்ட காலத்தில் படம் கொடுத்தார். இப்போது ஐம்பத்தெட்டு வயதில், நண்டு வாங்கும் கொம்பனி அவரிடம் சீரியல் போர்ட் கேட்டது.

குருநகரில் அவர் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்னுடையது. ஏழு வருடங்களுக்கு முன் அவர் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், மகன் றஜிந்தன் தனியாகத் தொழிலுக்குப் போனான். வள்ளம் மண்டைதீவுப் பக்கம் கரையொதுங்கியது. பிள்ளை வரவில்லை. அதற்குப் பிறகு அண்ணை கடலில் கால் வைக்கவில்லை. வள்ளத்தை விற்று ஒரு பழைய வான் வாங்கி, கரை கரையாக நண்டு சேர்த்துச் சாவகச்சேரிக்கு அப்பால் இருக்கும் கொம்பனியில் கொடுத்து வந்தார். அவருக்கும் மனைவி லூர்த்தம்மாவுக்கும் இடையில் பேச்சு என்று பெரிதாக இல்லை. "சாப்பாடு மூடிக் கிடக்கு", "போட்டு வாறன்", அவ்வளவுதான். சண்டை போட்டாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருடம் கொம்பனி ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு வானிலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கவேண்டும். வான் எங்கே போகிறது, ஐஸ் பெட்டி எவ்வளவு குளிர், நண்டு எத்தனை கிலோ, எல்லாம் அதில் பதியவேண்டும். வெள்ளோட்டத்தில் தேறாதவர் அடுத்த வெள்ளோட்டம் வரை ஒரு மாதம் நண்டு கொண்டுவர முடியாது. அந்த ஒரு மாதத்துக்கு அண்ணைக்கு இருந்த ஒரே வேலை லூர்த்தம்மாவின் தம்பியின் வள்ளம். திரும்பவும் அதே கடல்.

அவர் வாங்கிய கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட், அதுதான் அந்த ஒன்பது ஊசிச் செருகுவாய், ஒன்றே ஒன்று. கொழுவ வேண்டியவையோ ஜி.பி.எஸ்., வெப்பமானி, தராசு என்று மூன்று. முதலில் யூ.எஸ்.பி. வயர்களை வாங்கிப் போட்டார். வான் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பினால் போதும், கம்ப்யூட்டர் போர்ட்டுகளுக்குப் புது நம்பர் கொடுத்துவிடும். தராசின் இடத்தில் ஜி.பி.எஸ். போய் நிற்கும். வயர்களைக் கடையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு கொழும்பிலிருந்து நான்கு போர்ட் உள்ள கார்ட் ஒன்றை எடுப்பித்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இரண்டு மாதமாகப் பூட்டினார். கிழிந்த வலை பொத்திய விரல்கள் அவை. ஊசி மாதிரி வேலை ஒன்றும் புதிதில்லை. ஆனால் கண் தெரியாது, தோள்மூட்டு நோகும். எல்லாம் ஓடத் தொடங்கிய அன்று சந்தோசம் தெரியாத முகத்தோடு வந்து, "சரி, முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளோட்டம் புதன்கிழமை. முந்திய ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் பங்குச் சுவாமி வானை ஆசீர்வதித்தார். எங்கள் ஆட்கள் புது எஞ்சின் வாங்கினால் மூடியைக் கழற்றி வைத்துத்தான் தீர்த்தம் தெளிப்பிப்பார்கள். மூடி போட்டிருந்தால் ஆசீர்வாதம் மூடிக்குத்தான் என்பது கரையோரத்து நியாயம். லூர்த்தம்மா கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினார்.

"அதையும் திறந்து விடுங்கோ. உள்ளுக்குப் படவேணும்."

தீர்த்தத்தில் உப்பு மந்திரித்துக் கலந்திருக்கும். அண்ணைக்கு அது தெரியாதா? நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் ஸ்குரூட்றைவரைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏழு வருடத்தில் லூர்த்தம்மா வாய்திறந்து கேட்ட முதல் விசயம் அது. திறந்துவிட்டார். சுவாமி தெளித்தார். எல்லோரும் ஆமென் சொன்னதும் அண்ணையே சுவிட்சையும் போட்டுக் காட்டினார்.

திங்கட்கிழமை காலை கார்ட்டின் நான்கு போர்ட்டும் செத்திருந்தன. ஊசிகளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. லூர்த்தம்மா எட்டிப் பார்த்து, "என்ன நடந்தது?" என்றார்.

"சாமான் மட்டம்," என்றார் அண்ணை. புதன்கிழமைக்குள் வேறு கார்ட் வர வழியில்லை. மிஞ்சியது கம்ப்யூட்டரோடு வந்த அந்த ஒரு போர்ட்.

கொம்பனியின் விதியைத் திரும்ப வாசித்தார். எந்தப் பதிவிலும் பத்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்று இருந்தது. தராசைக் கரையில் நிற்கும்போது கொழுவலாம். ஓடும்போது ஜி.பி.எஸ்ஸையும் வெப்பமானியையும் மாற்றி மாற்றிச் செருகினால் காரியம் நடக்கும். ஓட்டுகிறவரால் அது முடியாது. லூர்த்தம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சீற்றில் ஏறினார். மணிக்கூடு தேவையில்லை என்றார். செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடிய நாலு நிமிடம். முடிந்ததும் ஒரு வயரைக் கழற்றி மற்றதைச் செருகுவது, பிறகு அடுத்த பத்து.

குருநகரில் ஏற்றி, வல்வெட்டித்துறையில் ஏற்றி, பருத்தித்துறை வழியாகக் கொடிகாமம் வரை ஒரு பிழையும் இல்லை. லூர்த்தம்மாவின் வலது கைப் பெருவிரல் தோல் உரிந்துவிட்டது. அவர் விடவில்லை. இன்னும் இருபது நிமிட ஓட்டம் இருந்தது. ஜி.பி.எஸ்ஸைச் செருகிவிட்டு அடுத்த பத்தைத் தொடங்கியவர் நடுவில் நிறுத்தினார்.

"தீர்த்தம்தானே கெடுத்தது?"

அண்ணை றோட்டைப் பார்த்துக்கொண்டு, "சாமான் மட்டமெண்டு சொன்னனானெல்லே," என்றார்.

"கருவாடு போடுறவள் நான். உப்புப் பூத்தாத் தெரியாதே எனக்கு?"

அண்ணை கியரை மாற்றினார்.

"நான்தான் திறக்கச் சொன்னனான். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அண்டைக்கும் அப்பிடித்தான். நீங்கள் காய்ச்சலோடை கிடக்க, வலை கடலிலை கிடக்கு, போய் எடுத்துக்கொண்டு வா எண்டு பிள்ளையை அனுப்பினது நான். அதையும் நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லை. ஒருக்காக் கேட்டிருக்கலாம். ஒருக்காப் பேசியிருக்கலாம்."

"நான் எழும்பியிருக்க வேணும்," என்றார் அண்ணை. "நூறு காய்ச்சல்தான். நான் எழும்பிப் போயிருக்கலாம். உன்னை எந்த வாயாலை கேக்கிறது?"

பிறகு இரண்டு பேரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று முழுவதும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அழுததாக மட்டும் அண்ணை சொன்னார். செபமாலை மடியில் கிடந்தது. வயரை நினைத்து மாற்றியபோது பத்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது.

கொம்பனியில் பதிவைப் பார்த்தது டிலக்ஷி என்ற பிள்ளை. நண்டு ஒன்றும் பழுதில்லை, ஐஸ் அப்படியே இருந்தது. ஆனால் திரையில் ஓர் இடத்தைக் காட்டினாள்.

"ஐயா, கொடிகாமத்துக்குப் பிறகு பதின்மூண்டு நிமிசம் வெப்பப் பதிவு இல்லை. என்ன நடந்தது?"

"கதைச்சுக்கொண்டு வந்தனாங்கள், பிள்ளை."

"அதை நான் என்னெண்டு எழுதுறது ஐயா? மெசின் பழுதெண்டாலும் இதே முடிவுதான். ஒரு மாதம்."

"அப்ப கதைச்சதெண்டே எழுதுங்கோ," என்றார் அண்ணை.

அடுத்த திங்கள் விடிய அவர் மச்சானின் வள்ளத்தில் ஏறினார். லூர்த்தம்மா கரை வரை கூடப் போனார். அண்ணை திரும்பி வந்த மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. வேலியால் தலையை நீட்டி ஏசினேன். "இன்னும் இருபது நிமிசம் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமெல்லே அண்ணை?"

தோளில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். களைத்த முகம்தான், வேறு முகம் அவருக்கு எங்கே?

"ஏழு வருசம் மூடிக்கொண்டுதானே இருந்தனாங்கள், தம்பி."