ஜன்னல் சுவரடியில் ஹெஷன் வீட்டுக் குழி

கூரை போன பழைய கிறிஸ்தவ மடத்துக் கோயிலைப் பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டவன் ஃபெஸ்டஸ் ஹெஷன், என் பக்கத்து வீட்டுக்காரன். துறவிகள் கட்டிய கிழக்குச் சுவரில் மூன்று ஆள் உயர ஜன்னல். அதன் வளைவுக் கற்கள் ஒன்றையொன்று தாங்கித்தான் நின்றன. அடியில் ஒரு முழ அஸ்திவாரம்கூட இல்லை, வெறும் களிமண். சந்துகளில் சுண்ணாம்புச் சாந்தை அடைத்து அடைத்து அவன் விரல்கள் வெந்துபோயிருந்தன.

எங்கள் கால்வே மாவட்டத்துப் பக்கம் பழைய குடும்பங்கள் கோயிலுக்குள்ளேதான் புதைப்பார்கள். குழியைச் சொந்தக்காரர்களே வெட்டுவார்கள். ஹெஷன் வீட்டு இடம் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. தாத்தாக்களின் குழிகள் சுவரடியைத் தின்றுவிட்டன, இன்னொன்று வெட்டினால் சுவர் விழும் என்று சொல்லி, மனைவி நோராவையே ரோட்டோரக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தான். ஊர் காறித் துப்பியது. நானும் துப்பினேன்.

அப்புறம் அவன் அண்ணன் செத்தார். அவர் மகன் கோல்மன் சவப்பெட்டியோடும் மண்வெட்டியோடும் வந்தான். ஃபெஸ்டஸ் தடித்த கழியோடு ஜன்னலடியில் நின்றான்.

"சித்தப்பா, தள்ளுங்க. அப்பா அவங்க அம்மா பக்கத்துலதான் படுக்கணும்னாரு."

"என் பொண்டாட்டியே ரோட்டோரம் கெடக்கறா. உங்கப்பன் என்ன பெரிய இவனா?"

"பொண்டாட்டியத் தூக்கி எறிஞ்ச ஆளு பேசற பேச்சப் பாரு."

கழி சுழன்றது. கோல்மனின் முன்பற்கள் இரண்டு சவப்பெட்டி மேல் தெறித்தன. மண்வெட்டி ஃபெஸ்டஸின் காதைக் கிழித்தது. பெட்டியைச் சுமந்து வந்த நாங்கள் மூன்று பேர் ஃபெஸ்டஸ் மேல் விழுந்தோம். நான்தான் அவன் கைகளைப் பின்னால் முறுக்கி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினேன்.

"கெழவனுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு. நீ வெட்டுப்பா," என்றேன்.

குழி இடுப்பளவு இறங்கியபோது மேலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டியது. ஃபெஸ்டஸ் என் மணிக்கட்டை எலும்பு வரை கடித்தான். பிடி தளர்ந்தது. ஓடிப்போய்க் குழிக்குள் குதித்து, கோல்மனைச் சட்டையோடு தூக்கி வெளியே எறிந்தான். ஜன்னல் மொத்தமாக ஃபெஸ்டஸ் மேல் விழுந்தது.

கல்லைப் புரட்டி அவனை எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அடையாளம் பார்க்க முகம் மிஞ்சவில்லை.

கோல்மன் அப்பாவையும் சித்தப்பாவையும் ரோட்டோரத்துக்கே கொண்டுபோனான். நோராவுக்குப் பக்கத்தில் இரண்டு குழிகளையும் தனியாக வெட்டினான். வாயில் ரத்தம் நிற்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை; மண்வெட்டியை வாங்கக் கையை நீட்டினேன்.

"நீங்க புடிச்சது போதும்," என்றான்.

கையை எடுத்துக்கொண்டேன்.