எழுத வேண்டாம் என்று சொன்னது நான்

ஏட்டையா மீது விசாரணை நடந்த அன்று காலை, டவுனில் போலீஸ் அலுவலகத்தின் மாடி வராந்தாவில் எங்கள் தலைமையாசிரியரும் நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப் பெஞ்சில் ஏட்டையா. சஸ்பெண்ட் ஆனதால் சீருடை இல்லை. எங்கள் ஊர்ப் போலீஸின் சிவப்புத் தொப்பி இல்லாமல் அவரை நான் பார்ப்பது அதுதான் முதல் முறை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க டீச்சர்," என்று தலைமையாசிரியர் என் காதருகே சொன்னார். "ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன், அவ்ளோதான். அதுக்கு மேல போவாதீங்க. ஸ்கூல் பேரு கெட்டுடும்."

கடலூர் சாலையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பிளஸ் டூ மாணவி ஒருத்தி லேபுக்கு ஓடிவந்து செல்போனை நீட்டினாள். அவள் வகுப்புப் பையன் ஒருவன், தோளில் ஏர்கன்னோடு எடுத்த படத்தை ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். அவன் அப்பாவுக்குக் கடற்கரையில் பலூன் சுடும் கடை. படத்தின் கீழே, 'திங்கக்கிழமை இருக்குடா உனக்கு' என்று எழுதியிருந்தது. யாருக்கு என்பது வகுப்புக்கே தெரியும். அந்த வாரம் மைதானத்தில் எல்லார் முன்னாலும் அவனை அறைந்த மாணவனுக்கு.

பள்ளி விட்டதும் நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா முழுவதும் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் குடுத்துடுங்க டீச்சர். இன்னிக்கே இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட வச்சிடறேன்."

ஸ்டேட்டஸ் வைத்த பையன் என் வகுப்பில் நன்றாகப் படிப்பவன். பேனாவைத் திறந்தேன், மூடினேன்.

"எழுத்துல வேணாம் ஏட்டையா. பரீட்சை வருது. கேஸுன்னு ஆயிட்டா அவன் வாழ்க்கையே போயிடும். நீங்களே வீட்டுக்குப் போய்க் கண்டிச்சு விட்ருங்களேன்."

"சரி, நீங்க சொல்றீங்க," என்று அவர் தாளை எடுத்து உள்ளே வைத்தார்.

மறுநாள் போன் செய்தார். "போயிட்டு வந்துட்டேன். துப்பாக்கியெல்லாம் கடையில பூட்டித்தான் இருக்குன்னு அப்பன் சொல்றான். பையன் கால்ல வுழுந்து அழுதான்." எனக்கு நிம்மதியாக இருந்தது. தலைமையாசிரியரிடம்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இன்டர்வெல்லில் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். டப்பென்று ஒரு சத்தம். தண்ணீர்க் குழாயடியில், மைதானத்தில் அறைந்த அந்த மாணவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் ரத்தம். சுட்டவன் பத்தடி தள்ளி நடுங்கிக்கொண்டு நின்றான். காலடியில் பிரித்துப் போட்ட கிரிக்கெட் பை. கையை நீட்டினேன். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டான்.

இடது கண் போய்விட்டது.

அன்று மாலையே சாலை மறியல். முன்கூட்டியே தெரிந்தும் போலீஸ் தூங்கியது என்று கோஷம் போட்டார்கள். இரண்டு நாளில் ஏட்டையா சஸ்பெண்ட். ஒரு பத்திரிகை என்னை 'எச்சரித்த ஆசிரியை' என்று எழுதியது. ஸ்டாஃப் ரூமில் அதைச் சத்தமாகப் படித்தார்கள். நான் தலைகுனிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

விசாரணை அறைக்குள் என்னை மட்டும் கூப்பிட்டார்கள்.

"எழுத்துப்பூர்வமா புகார் குடுத்தீங்களா மேடம்?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார்."

"ஏன்? ஏட்டு வாங்க மாட்டேன்னுட்டாரா?"

ஒரு 'ஆமாம்' போதும். அவர் அதை எதிர்பார்த்தே கேட்டது போல இருந்தது. தட்டச்சு செய்பவர் என் வாயையே பார்த்தார்.

"அவரு எழுதச் சொன்னாரு சார். நான்தான் வேணாம்னு சொன்னேன்."

வெளியே வந்ததும், உள்ளே சொன்னதை ஏட்டையாவிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றார்.

"நீங்க வேணாம்னாலும் நான் எழுதியிருக்கணும் டீச்சர். அது என் வேலை. அந்தப் பூட்டையாவது நேர்ல போய்ப் பாத்திருக்கணும்."

நான் சொன்னதைக் கேட்ட தலைமையாசிரியர் அதற்குள் படியிறங்கிப் போயிருந்தார்.

சஸ்பென்ஷன் ரத்தாகி, ஏட்டையாவை எண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏனாமுக்கு மாற்றினார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. அது வந்த வாரம் கண் போன பையனின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா மீன் வியாபாரம் முடித்துவிட்டு அப்போதுதான் வந்து, வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததை நானே சொன்னேன். பாதியிலேயே அவர் கை நின்றுவிட்டது.

"இத்தினி நாளா அந்த ஏட்டத்தான் திட்டிக்கினு இருந்தேன்," என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவன் வாழ்க்கை போயிடும்னு நெனச்சீங்களே டீச்சர். அன்னிக்கு எம்புள்ளய ஒரு தடவையாவது நெனச்சீங்களா?"

அந்த வெள்ளிக்கிழமையை முழுவதுமாக நினைத்துப் பார்த்தேன்.

"இல்லம்மா," என்றேன்.