மாதிரி எண் முப்பத்தேழின் முழங்கை

குற்றச்சாட்டு: மார்ச் பதினான்காம் தேதி, முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு, கால்நடை மருத்துவக் கல்லூரியின் எலும்புக் காட்சியறையில், மாதிரி எண் முப்பத்தேழின் மீதிருந்த ‘நாய்’ என்ற சீட்டை அகற்றி, ‘பூனை’ என்று எழுதி ஒட்டும்படி துறைத்தலைவர் வாய்மொழியாக உத்தரவிட்டார். அவ்வெலும்பு பூனையுடையது அன்று.

இந்த இரண்டு வாக்கியங்களை எலும்பறைக்காரர் பதினொரு முறை திருத்தி எழுதினார். செத்த விலங்கைக் கொதிக்கவைத்து, சதை நீக்கி, வெளுத்து, கம்பியில் கோத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்துவது இருபத்தாறு ஆண்டுகளாக அவர் தொழில். பள்ளிப் படிப்போடு நின்றவர். மாணவர்கள் விட்டுச்சென்ற புத்தகங்களைப் படித்தே தேறினார். குதிரையின் முன்கையில் ஓர் எலும்பு பாதி வழியிலேயே தேய்ந்து மற்றதோடு ஒட்டிப்போகும். மாட்டுக்கு ஒட்டினாலும் மணிக்கட்டு வரை இறங்கும். நாய்க்கும் பூனைக்கும் இரண்டும் தனித்தனியாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவார்.

நாயின் மேற்கை எலும்பில், முழங்கைக்கு மேலுள்ள குழியின் நடுவே ஒரு துளை இருக்கும். பூனைக்கு அது இராது; உட்பக்க ஓரத்தில் வேறொரு சிறு துளை உண்டு. குட்டைக்கால் நாய்கள் சிலவற்றுக்கு இரண்டுமே இருப்பதில்லை. முப்பத்தேழு அப்படிப்பட்ட நாயொன்றின் முன்கால்.

“நடுவுல துளை இல்லையேய்யா. பூனைதான் இது. சீட்டை மாத்து” என்றார் துறைத்தலைவர்.

“ஐயா, உள்பக்கத் துளையும் இல்லைங்களே. இது குட்டைக்கால் நாய். நானே வேகவெச்சேன்.”

“வேகவெச்சவனெல்லாம் பேராசிரியர்னா, ஹாஸ்டல் சமையல்காரருக்கும் ஒரு நாற்காலி போடணும். மாத்துய்யா.”

மாற்றினார், தம் கையெழுத்திலேயே. பேருந்துச் சீட்டைக்கூடத் தூர எறியாத மனிதர் அன்று மட்டும் எழுத்தில் உத்தரவு கேட்கவில்லை.

ஏப்ரலில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எலும்பைப் புரட்டிப் பார்த்து, “இது எந்த ஊர்ப் பூனை?” என்று எல்லார் முன்னிலையிலும் சிரித்தார். மறுநாளே எலும்பறைக்காரர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ‘நாய்க்கும் பூனைக்கும் வேறுபாடு அறியாதவர்’ என்றது குறிப்பாணை. முப்பத்தேழை நாய் என்று காட்டிய பதிவேட்டை, அவரே எழுதியது என்று சொல்லி விசாரணை அலுவலர் தள்ளிவிட்டார். தவறு தம்முடையதே என்று எழுதிக் கொடுத்தால் வேலை திரும்பும். மறுத்தால் நிரந்தர நீக்கம். பிழையான மாதிரிகள் மே முப்பதாம் தேதி எரிக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது.

வீட்டு மேசை முழுவதும் கோப்புகள். மனைவியின் தம்பி ஒன்றைப் புரட்டிவிட்டு மூடினான்.

“ஒரு கையெழுத்து மாமா. போட்டுட்டு வேலையப் பாருங்க. எலும்பா வந்து உங்களுக்குச் சாட்சி சொல்லப்போகுது?”

“சொல்லும் மாப்ளே. கோக்கறதுக்கு முன்னாடி என்ன விலங்கு, என்ன தேதின்னு பென்சில்ல எழுதிடுவேன். இதுக்குத் துளை இல்லாததால பின்பக்கமா அந்தக் குழிக்குள்ளயே எழுதினேன். முன்கை எலும்போட முனை மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு அதுல போய் உக்காந்துக்கும். கம்பியைக் கழட்டினாத்தான் தெரியும்.”

“அப்ப போய்க் கழட்டுங்களேன்.”

“வாசல்லயே நிறுத்திடறாங்க.”

காவலாளி இத்தனை ஆண்டுகளாக அவரிடம் செய்தித்தாள் வாங்கிப் படித்தவர்தான். “அண்ணே, என் வயித்துல அடிச்சிராதீங்க” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லாத ஓட்டைக்கு இத்தனை காகிதம் சேத்தீங்க. வாங்க வேண்டிய அந்த ஒரு காகிதத்தை வாங்கலையே” என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்.

ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகளாக மாணவர்கள் வகுப்புதோறும் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து அந்த முழங்கையை மடக்கி நீட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மடக்கலிலும் மூக்கு குழியை உரசியிருக்கும். பென்சில் எழுத்து எத்தனை உரசல் தாங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்த இரண்டு வாக்கியங்களோடு தொடங்கி அவர் கல்லூரி முதல்வருக்கு அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் ஒப்புகை அட்டை மட்டுமே திரும்பி வந்தது. மே இருபத்தாறாம் தேதி, நான்காவதை இவ்வாறு முடித்தார்:

‘விசாரணை அலுவலர் முன்னிலையில், நான் உடனிருக்க, முப்பத்தேழின் முழங்கைக் கம்பியைக் கழற்ற வேண்டும். குழியில் எழுத்து இல்லையெனில் அங்கேயே மன்னிப்புக் கடிதத்தில் கையொப்பமிடுகிறேன். அதுவரை அதனை எரிக்கலாகாது. அது இன்னும் பெட்டியில் இருக்கிறதா, இல்லையா என்பதை முப்பதாம் தேதிக்கு முன் எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவும்.’