மேடையில் மாரிராஜின் குரல்

சந்தனச்செல்வி தனியாளாக நடித்த நாடகத்தைப் பார்க்கக் கப்பலெல்லாம் துறைமுகத்தில் காத்து நின்றன. சரி, இது புளுகுதான். மாப்பிள்ளையூரணி மண்டபத்தில் பாதி நாற்காலி காலி.

அவள் கண் முன்வரிசையிலிருந்த மாமியார் மேலேயே இருந்தது. கணவன் மாரிராஜ் போன தோணி மூழ்கிப் பல வருடமாயிற்று; உடல் கிடைக்கவில்லை. மாமியார் தினமும் அவனுக்குச் சோறு எடுத்துவைத்து, "எம் மவன் வாரான்" என்பாள். அதனால் அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து அழக்கூட முடியவில்லை.

உப்பளத்துப் பெண்களாகவும் தோணிக்காரர்களாகவும் மாறி மாறி நடித்தவள், கடைசியில் கணவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் குரலில் பேசினாள்.

"ஏளா, எனக்குச் சோறு வைக்கவேண்டாம்னு அம்மாட்ட சொல்லு. நான் வரமாட்டேன்."

மாமியார் எழுந்து நின்றாள்.

"எம் மவன் உசுரோட இருந்தவரைக்கும் உன்ன ஏளான்னு கூப்பிடலியே, தாயி. செல்வீன்னுல்லா கூப்பிட்டான்."