இனம் என்ற கட்டம்

பர்மாவில் நான் கல்லூரி முடித்த வருஷம் துறைமுக அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா, அலோன் என்ற இடத்துப் படகுத்துறையில் மூட்டை சுமந்தவர். ஒரு மாதத்துக்குள் குடியுரிமை அட்டையை வாங்கிக் காட்டினால் வேலையில் சேர்ந்துவிடலாம்.

அந்த வாரம்தான் பெரியப்பா மகன் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தார். பெரியப்பா கப்பல் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அண்ணன் பிறந்ததே அங்கேதான். அந்த ஊர் ஆண்கள் விசேஷத்துக்கு உடுத்தும் கட்டம்போட்ட பாவாடையோடு எடுத்த தன் கல்யாணப் படத்தைக் காட்டினார்.

"மாப்பிள்ளைக்குப் பாவாடைன்னா, பொண்ணுக்கு என்னாப்பா, கால்சட்டையா?" என்றாள் அம்மா.

அவரும் சிரித்தார். அங்கே பள்ளியில் எந்த ஊர், எந்த ஊர் என்று துளைத்தார்களாம். இந்த ஊர்தான் என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் வாயை அடைத்தாராம்.

"நான் ஸ்காட்டிஷ், தம்பி. தமிழ் ஸ்காட்டிஷ். தாத்தாவே இங்கதானே பொறந்தாரு? நீ பர்மாக்காரன்னு எழுது."

அட்டைக்கான விண்ணப்பத்தில் இனம் என்ற கட்டத்தில் அப்பாவின் அட்டையைப் பார்த்து அப்படியே எழுதுவதுதான் எங்கள் வழக்கம்: இந்தியர். அப்பாவுக்கும் தாத்தாவின் அட்டையைப் பார்த்துத்தான் எழுதினார்கள். யாரும் யோசித்ததில்லை. படித்தவன் அல்லவா, நான் யோசித்தேன். பர்மியர் என்று எழுதினேன்.

அட்டை அலுவலகத்துக்கு அண்ணனும் கூட வந்தார். அதிகாரி அப்பாவின் அட்டையைப் பார்த்தார், என் விண்ணப்பத்தைப் பார்த்தார், கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். "கலா எப்போ பர்மியன் ஆனான்?" இந்தியர்களை அங்கே அப்படித்தான் ஏளனமாகக் கூப்பிடுவார்கள். வரிசையே சிரித்தது. பிறகு அண்ணனிடம் எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஸ்காட்லாந்து என்றார் அண்ணன். உடனே நாற்காலி வந்தது, தேநீர் வந்தது. ஒரே தாத்தாவின் மூக்கு எங்கள் இருவருக்கும். அவர் சொன்னதை ஒரு காகிதம்கூடக் கேட்காமல் நம்பினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

பொய்த் தகவல் என்று என் விண்ணப்பம் விசாரணைக்குப் போனது. அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். அப்பா கூலியை விட்டுவிட்டு அலைந்து, கும்பிட்டு, புது விண்ணப்பம் வாங்கி வந்தார். இந்தியர் என்று எழுதினேன். அட்டை வர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. நீ யார் என்பதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். படிக்கத் தெரியாத அப்பா, என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்களாம்ப்பா" என்றேன்.